பட்டியலில் இருக்கும் கோப்பு

பிற்பகல் வெயில் ஜன்னல் தட்டியின் இடுக்குகளில் நுழைந்து மேசைமேல் கோடு கோடாகக் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக் கணினிகளின் இயங்குதளத்தை எழுதியவள், ஸ்கேன் படம் ஒன்று கணினிக்குள் எங்கே இருக்கிறது என்று காட்டும் பாதையைத் திரையில் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படிக்கிறாள். பட்டியலில் படத்தின் பெயர் இருக்கிறது. திறந்தால் அப்படியொரு கோப்பே இல்லை என்கிறது கணினி. எங்கே வழி தவறுகிறது என்று பார்க்க, பாதையைத் தேடும் நிரலுக்குள், போகிற இடத்தையெல்லாம் திரையில் அச்சிடச் சொல்லி ஒரு வரி சேர்க்கிறாள். படம் சமர்த்தாகத் திறக்கிறது. வரியை எடுக்கிறாள், மறுபடியும் இல்லை. பதினோரு நாளாக இதே கூத்து. "நாம பாத்துக்கிட்டு இருந்தா மட்டும் ஒழுங்கா நடக்குது, சனியன்" என்கிறாள். "அந்த வரிய அப்படியே விட்டுடேன்" என்கிறார் பக்கத்து நாற்காலியிலிருக்கும் மென்பொருள் சோதனையாளர். "விட்டுப் பாத்தாச்சு. அடுத்த நாளே வேற ஆளோட படம் காணாம போச்சு." ஆறிப்போன காபியில் ஆடை சுருங்கிக் கிடக்கிறது. மேசையிலிருக்கும் போனின் ஸ்பீக்கரில், அந்தப் படத்துக்காக ஆஸ்பத்திரி ஸ்கேன் அறைக்காரர் காத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் யாரோ விடாமல் இருமுகிறார்கள். "மேடம், இவங்கள நாளைக்கு வரச் சொல்லட்டுமா?" அவள் கண்ணாடியைக் கழற்றி வைக்கிறாள். "சொல்லுங்க." இருமல் ஓய்ந்ததும் ஸ்கேன் அறைக்காரர் குரலைத் தாழ்த்துகிறார். "நேத்தும் இவங்ககிட்ட அதையேதான் சொன்னேன், மேடம்."