யார் போட்ட முடிச்சு?

“முடிச்சா இது? மூட்டையா கட்டறே?”

பெரிய டாக்டர் போட்ட சத்தத்தில் ஆபரேஷன் தியேட்டரே கப்சிப். வயிற்றுக்குள் விட்டிருந்த கேமரா, பித்தப்பைக் குழாயில் ஜூனியர் டாக்டர் போட்ட முடிச்சைத் திரையில் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

பெரிய டாக்டர் இடுக்கியால் லேசாக இழுத்தார். முடிச்சு நழுவியது.

“பின்னல் நூல்னா ஒண்ணு மேல ஒண்ணா மூணு போட்டா நிக்கும். இது வழவழப்பு நூல், இன்னும் போடணும்னு தெரியாது? நாளைக்கு அவிழ்ந்து வயிறு பூரா பித்தம் கசிஞ்சா, நீயா வந்து துடைப்பே? தள்ளு!”

அத்தனை நர்ஸுகள் முன்னாலும் அதை வெட்டி எறிந்துவிட்டு அவரே முதலிலிருந்து கட்டினார்.

வெளியே வந்ததும் ஜூனியர் கையுறையைக் கழற்றி வீசினாள்.

“தப்புதான், ஒத்துக்கறேன். அதுக்காக நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கணுமா? மனுஷனா அவர்?”

“விடும்மா, அவர் வாய் அப்படி” என்றார் மயக்க மருந்து டாக்டர்.

“நான் எதுக்கு விடணும்? வேலையைத்தான் விடப்போறேன். அதையும் நாலு பேர் முன்னாடி, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டுத்தான் போவேன்!”

விறுவிறுவென்று வராந்தாவுக்கு வந்தாள்.

அங்கே பெரிய டாக்டர் இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எதிரே நோயாளியின் மகன், சொந்தக்காரர்கள் சூழ, குதித்துக்கொண்டிருந்தான்.

“சின்ன ஓட்டை போட்டுப் பண்ற ஆபரேஷன், சீக்கிரம் முடிஞ்சிடும்னீங்க. இவ்வளவு நேரம் எங்கம்மாவை என்ன பண்ணீங்க? ‘முடிச்சா இது’ன்னு நீங்க கத்தினது இங்க வரைக்கும் கேட்டுது!”

“முதல்ல போட்ட முடிச்சு நழுவுச்சு. வெட்டிட்டு வேற போட்டாச்சு. அம்மா நல்லா இருக்காங்க.”

“யாரு, அந்தச் சின்னப் பொண்ணா? பழகிப் பார்க்க எங்கம்மா வயிறுதான் கிடைச்சுதா? புகார் குடுத்து அவ வேலைக்கே உலை வைக்கறேன் பாருங்க!”

ஜூனியர் கதவோரம் ஒதுங்கினாள். வேலையை விடத்தான் வந்தாள். ஆனால் இப்படிப் பெயர் கெட்டுப் போவதற்கா?

“அவங்க இல்ல. நழுவினது நான் போட்ட முடிச்சு. புகாரை என் பேர்ல குடுங்க” என்றார் பெரிய டாக்டர்.

“அப்ப உள்ளே யாரைப் போட்டு அந்தத் திட்டுத் திட்டினீங்க?”

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“என்னைத்தான்.”