துருப்பிடிக்காத போல்ட்

ஸ்டவாங்கர் துறைமுகத்து ஆய்வுக்கூடத்தில், கடலடியிலிருந்து எடுத்து வந்த உடைந்த போல்ட்டை மேசைமேல் வைத்தாள், விபத்தை ஆராயும் சோல்வி. அது உடைந்து குழாய் சரிந்ததில்தான் முக்குளிப்பவன் ஐவிண்ட் இறந்துபோனான்.

"அவன் அளவுக்கு மீறி முறுக்கிட்டான்னு அறிக்கையில எழுதிடுங்க" என்றார் எதிரே இருந்த பெரியவர் தூர்லைவ்.

குழாய்க் கம்பெனி அனுப்பிய ஆள் என்று நினைத்த சோல்விக்குக் கோபம் வந்தது.

"செத்தவன் வந்து பேசமாட்டான்னு தைரியமா? அவன் சரியாத்தான் முறுக்கியிருக்கான். துருப்பிடிக்காம இருக்கக் குடுத்த மின்சாரம் ரொம்ப அதிகம். அதனால கடல் தண்ணியிலேர்ந்து ஹைட்ரஜன் பிரிஞ்சு உலோகத்துக்குள்ள புகுந்திருச்சு. போல்ட் கண்ணாடி மாதிரி உடைஞ்சிருச்சு. தப்பு, அந்த மின்சாரத்துக்குக் கணக்குப் போட்டவங்களோடது."

"கணக்குப் போட்டது குன்வோர். அவளுக்கு இன்னும் தெரியாது."

"அவங்களைக் காப்பாத்தவா வந்தீங்க? அந்தப் பையனைப் பெத்தவங்களைக் கொஞ்சமாவது நினைச்சுப் பாத்தீங்களா?"

பெரியவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவங்களைத்தான் நினைச்சேன். ஐவிண்ட் என் மகன். குன்வோர் என் பொஞ்சாதி. அவன் போய்ட்டான்மா, இனி எந்தப் பழியும் அவனுக்கு வலிக்காது. அவ இன்னும் வாழணுமே!"