இடது கன்னத்தில் ஒரு கை

பியூட்டி பார்லரில் முன்பு வேலை பார்த்த பெண்ணின் இடது கன்னத்தில் ஒரு தீக்காயத் தழும்பு இருந்தது. "இந்த மூஞ்சியப் பார்த்தா வர்றவங்க தெறிச்சு ஓடிடுவாங்கடி" என்று எல்லோர் முன்னாலும் சிரித்து அவளை வேலையைவிட்டு அனுப்பினாள் பார்லர் அக்கா. ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்தப் பெண் அதே மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள்.

இன்று அக்கா, கண்களில் வெள்ளரி வில்லைகளோடு, தன் முகத்தை வேலைக்கு வந்த புதியவளிடம் ஒப்படைத்துச் சாய்ந்திருந்தாள். புதியவளின் இரண்டு கைகளும் நெற்றியில் இருந்தன. இடது கன்னத்தை இன்னொரு கை, இறந்தவள் தேய்ப்பதுபோலவே, கீழிருந்து மேலாகப் பொறுமையாகத் தேய்த்தது. ஜில்லென்றிருந்தது.

"கூட யாருடி?"

"நான் மட்டுந்தாங்க்கா."

அக்கா வில்லைகளை எடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். முகம் நன்றாகவே மின்னியது. இடது கன்னத்தில் மட்டும் அந்தத் தழும்பு.

உள்ளே நுழைந்த வாடிக்கைக்காரி, வந்த வேகத்திலேயே திரும்பித் தன் செருப்பைத் தேடினாள்.