சுற்றுவழி

முப்பத்தாறு படங்களையும் ஆசிரியர் அறையின் நீள மேசையில் பரப்பினாள் பூகோள டீச்சர்.

ஏழாம் வகுப்புக்கு வரைபடப் பாடம். திசை, அளவு, குறியீடு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஒருத்தர் மண்டையிலும் ஏறாது. அதனால் வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிற வழியை வரைந்து வரச் சொல்லியிருந்தாள்.

"யாரையும் கேட்கக்கூடாது. உங்க கால் எப்படிப் போகுதோ அப்படி" என்று மட்டும் சொன்னாள்.

பிள்ளைகள் கொட்டித் தீர்த்திருந்தார்கள். ஒருவன் தன் வீட்டைவிட பேக்கரியைப் பெரிதாகப் போட்டிருந்தான். ஒருத்தி வழியில் பார்க்கிற பூனைகளுக்கென்று தனிக் குறியீடே வைத்திருந்தாள்.

விளையாட்டு மாஸ்டர் டீயோடு வந்து எட்டிப் பார்த்தார். "தினம் கேட்டுல கால் கடுக்க நிக்கிறேன். ஒரு படத்துலயும் என்னைக் காணோமே டீச்சர்?"

தேடியதில் கிடைத்தார். பள்ளி வாசலில், ஆளைவிட விசில் பெரிதாக. தமிழ் டீச்சருக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு.

தபால் நிலையத்துக்கு அப்பாலிருந்து வருகிற பதினொரு பேரின் படங்களைப் பூகோள டீச்சர் தனியே எடுத்தாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டி, ஒரே படமாக்கி, வகுப்புச் சுவரில் மாட்ட நினைத்திருந்தாள்.

ஒட்டத்தான் வரவில்லை.

தபால் நிலையத்திலிருந்து பள்ளி மைதானத்துக்கு நேராக ஒரு சின்னத் தெரு உண்டு. நடந்தால் மூன்று நிமிடம். அவளே தினமும் அதில்தான் வருகிறாள். பையன்கள் ஐந்து பேரும் அந்தத் தெருவைப் போட்டிருந்தார்கள்.

பெண் பிள்ளைகள் ஆறு பேரும் போடவில்லை. தபால் நிலையத்தில் திரும்பி, மருந்துக்கடை, தண்ணீர்த் தொட்டி, பெட்ரோல் பங்க் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி வரைந்திருப்பாள் என்று பார்த்தால், ஆறு பேரும் ஆறு பெஞ்சு.

அதில் ஒரு படத்தில் மட்டும் அந்தத் தெரு இருந்திருக்கிறது. பென்சிலால் போட்டு, அழித்து, அழித்து, தாள் அந்த இடத்தில் நைந்து போயிருந்தது.

"மிட்டாய்க் கடை அந்தப் பக்கம் இருக்கும். வேற என்ன" என்றார் மாஸ்டர்.

மணி அடித்தது. மற்றவர்கள் எழுந்து வகுப்புக்குப் போனார்கள்.

அவளுக்கு அந்த நேரம் வகுப்பு இல்லை. போய், அந்தப் படத்தை வரைந்தவளை அழைத்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். போன வருடம் வரை வாயாடி என்று பெயரெடுத்தவள். இப்போது கூப்பிட்டால்தான் பேச்சு.

"இந்தத் தெருவ ஏம்மா அழிச்சே?"

பிள்ளை தாளையே பார்த்தாள். "அங்க நாய் இருக்கு டீச்சர்."

அந்தத் தெருவில் நாய் கிடையாது.

"எப்பலேர்ந்து?"

"டியூஷன நிறுத்தினதுலேர்ந்து."

சொன்ன பிறகுதான் அவள் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். உதடு கோணியது. "நான் யார்கிட்டயும் சொல்லல டீச்சர்."

 டீச்சர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"நீ ஒரு தப்பும் பண்ணல. தண்ணி குடிச்சுட்டு கிளாஸுக்குப் போ."

அவள் போன பிறகு மற்ற ஐந்து படங்களின் மேல் எழுதியிருந்த பெயர்களைப் படித்தாள். ஐந்து பேரும் அந்தத் தெருவில் நடக்கிற அதே டியூஷனில் படித்து நின்றவர்கள்தான். ஒருத்திக்குப் பாட்டு வகுப்பு. ஒருத்திக்கு வயிற்று வலி. ஒருத்தியின் அம்மாவுக்கு நேரம் ஒத்துவரவில்லை. ஒவ்வொருத்தி நின்றபோதும் ஒவ்வொரு காரணம். எதுவும் யாருக்கும் உறைக்கவில்லை.

ஆறு படங்களையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

வெகு நேரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வகுப்பறையில் பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

படங்களை வெளியே எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தலைமை ஆசிரியை இந்த வருடம்தான் மாற்றலாகி வந்தவர். எதையும் இரண்டு முறை படித்த பிறகே கையெழுத்துப் போடுகிறவர். ஆறு படங்களையும் வரிசையாகப் பார்த்தார். டீச்சர் விரலால் வழியைக் காட்டக் காட்ட அவர் முகம் மாறியது. பிள்ளை சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை நாம ரெண்டு பேரும் மூடி வைக்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும் மேடம். அதுக்குத்தான் வந்தேன்."

"போலீஸுக்குச் சொல்லணும். பிள்ளைங்க வீட்டுக்குச் சொல்லணும். நாளைக்கு வாபஸ் வாங்கறேன்னு வந்து நிக்கக்கூடாது நீங்க."

"நிக்க மாட்டேன்."

தலைமை ஆசிரியை வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, தேதி போட்டார். தெருவைக் கேட்டு எழுதினார். கதவு எண்ணைக் கேட்டு எழுதினார். டீச்சர் யோசிக்காமல் சொன்னாள்.

"அந்த ஆளோட பேரு?"

டீச்சர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம ஆபீஸ் ரெஜிஸ்டர்லயே இருக்கும் மேடம். என் பேருக்கு நேரா. கணவர் பேருங்கற இடத்துல."