கறுப்புத் துணி

ஆய்வுக்கூடத் தொட்டிகளில் பெனிட்டாவின் கடற்புல் மட்டும் செழித்து நின்றது. பேராசிரியர் தினமும் அதைத்தான் புகழ்ந்தார். பக்கத்துத் தொட்டிக்காரி தமயந்திக்கு வயிறு எரிந்தது. பெனிட்டா ஊருக்குப் போயிருந்தபோது, அந்தத் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டாள். இலைகள் வெளுத்தன.

திரும்பி வந்த பெனிட்டா அழுவாள் என்று தமயந்தி காத்திருந்தாள். பெனிட்டாவோ வேர்மண்ணைச் சோதித்துவிட்டு ஓடிவந்தாள்.

"தமா, வெளிச்சம் குறைஞ்சதும் வேரைச் சுத்தி நைட்ரஜன் சேர்க்கிற பாக்டீரியாவெல்லாம் அடங்கிப்போச்சுடி! இது நமக்குத் தோணவே இல்லையே. யாரு மூடினது? அவங்க பேரையும் கட்டுரையில போடணும்."

"நான்தான்," என்றாள் தமயந்தி.

பெனிட்டா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். இப்படிக் கள்ளமில்லாமல் சந்தோஷப்பட இவளுக்கு மட்டும் எப்படி முடிகிறது? தமயந்திக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.