உள்பக்கத் தையல்

தெரசாக்கா எதிரே இருக்கும் கோவிந்தனின் துணிக்கடைக்குள் நுழைவதை என் கடைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன்.

யாருக்கோ வழி கேட்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது டிசம்பராகப் பூந்தமல்லியின் இதே கடைத்தெருவுக்கு வருகிறவருக்கு என்ன வழி தெரியாது என்று அடுத்த நொடியே என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

தெரசாக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறவர். அவருடைய மாதா கோயிலில் அன்பியம் என்கிற ஜெபக் குழுவின் பெண்கள் சேர்ந்து, முத்தாபுதுப்பேட்டை அநாதை இல்லத்துப் பிள்ளைகள் நாற்பது பேருக்கும் கிறிஸ்துமஸ் துணி எடுத்துத் தருவார்கள். கடைக்கு வரும் பொறுப்பு இவருடையது. கடை என்றால் என் கடை.

எடுப்பதும் லேசில் இல்லை. ஒவ்வொரு கவுனையும் உள்பக்கம் திருப்பித் தையலை நகத்தால் நெருடுவார். "இன்னா பாய், இத்தப் போட்டா கொயந்த சிரிக்குமா, சொறியுமா?" என்பார். மற்ற வாடிக்கையாளர்கள் விலை கேட்க மறந்து சிரிப்பார்கள். இரண்டு டீ, ஒரு சண்டை, ஒரு சமாதானம். அரை நாள் ஓடிவிடும்.

முதல் வருடம் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டுப் போன அப்பாவி அவர். பேரம் பழக்கியதே நான்தான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த வருடம் ஈரோட்டிலிருந்து நாற்பது செட் வரவழைத்து, வேறு யார் கேட்டும் காட்டாமல் மேல்தட்டில் வைத்திருந்தேன். வாசலில் பெரிய காகித நட்சத்திரம் வேறு. "உஸ்மான் கனி கடையில் நட்சத்திரமா?" என்று பள்ளிவாசலில் கேட்டார்கள். வியாபாரம் என்று சமாளித்தேன்.

அவர் போனதோ எந்தக் கடைக்கு!

மூன்று டியூப்லைட்டில் ஒன்று எரிகிறது. தட்டுகளில் பாதி காலி. வாசல் பொம்மை இன்னும் தீபாவளிச் சட்டையிலேயே நிற்கிறது. உடம்பு முடியாத மனைவியோடு அரை நாள் ஆஸ்பத்திரி, அரை நாள் கடை என்று ஓடுகிறவனிடம் என்ன பெரிய சரக்கு இருந்துவிடப் போகிறது?

என் மனைவி சைனம்பு வேறு கடையில் துணி எடுத்து வந்தபோதுகூட எனக்கு இப்படி எரிந்ததில்லை.

குறுகலான தெரு. கதவை லேசாகத் திறந்தால் பேச்சு கேட்கும். திறந்தேன்.

கோவிந்தன் விலை சொன்னான். சொல்லும்போதே குரல் இறங்கியது. அடித்துக் கேட்கப் போகிறார் என்று முன்கூட்டியே பயந்த குரல்.

தெரசாக்கா தலையாட்டினார்.

ஒன்றையாவது திருப்பிப் பார்க்க வேண்டுமே? இல்லை. நகம் தையல் பக்கமே போகவில்லை. சொறியுமா என்றும் கேட்கவில்லை.

துணியை அங்கே எடுத்தது கூடப் போகட்டும். என்னிடம் கற்ற பேரத்தை அந்த ஆளுக்குத் தள்ளுபடி செய்துவிட்டாரே, அதுதான் தாங்கவில்லை.

இரண்டு பெரிய பைகளோடு தெருவைக் கடந்து நேராக என் கடைக்கு வந்தார். ஏற்கெனவே மடித்திருந்த துணியை நான் மறுபடி மடித்தேன்.

"இன்னாக்கா, நம்ம கடை போர்டு கண்ணுக்குத் தெர்லையா?"

"உனக்கு இன்னா பாய், நல்லாத்தானே கீற." பைகளை இறக்கி வைத்தார். "என் பேத்தி ஹெலினாவுக்கு ஒண்ணு காட்டு."

மேல்தட்டிலிருந்து ஒரு கவுனை எடுத்துப் போட்டேன். விழுந்த வேகத்திலேயே உள்பக்கம் திருப்பினார். நகம் தையல் முழுக்க ஓடியது. விலை சொன்னேன். பாதிக்குக் கேட்டார்.

சண்டைக்கு வாயைத் திறக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

அவர் முதன்முதலாக வந்த அந்த டிசம்பர். கடையில் கரண்ட் இல்லை. சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு. மேல்தட்டில் தப்பிய கவுன்களை மேசையில் பரப்பிக்கொண்டு, யாராவது வருவார்களா என்று நின்றிருந்தேன்.

அன்றைக்கு அவர் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை.