ஆல்பத்தில் இல்லாத ஆள்

"ஏட்டி, காலைக் கீழ வை. இன்னைக்காவது உங்க அப்பாகிட்ட ஏச்சு வாங்காம இரு."

அம்மா கிசுகிசுத்ததும் செண்பகவல்லி காலை இறக்கினாள். யோசனையில் இருக்கும்போது ஒரு காலை மடக்கி, பாதத்தை மற்றக் கால் முட்டியில் ஊன்றி நிற்பது அவள் பழக்கம். அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. காரணம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

முன்னறையில் மாப்பிள்ளை வீட்டார் இருந்தார்கள். மாப்பிள்ளை கணேசபாண்டியனுக்கு அமெரிக்காவில் வேலை. மாதுங்காவிலிருந்து அப்பா, அம்மா, தங்கையோடு டாக்சியில் திலக் நகர் வந்திருந்தான். இவ்வளவு பெரிய இடம் எப்படித் தங்களைத் தேடி வந்தது என்று அம்மாவுக்கு இன்னும் ஆச்சரியம். பேச்செல்லாம் முடிந்து, தட்டு மாற்றுவதுதான் பாக்கி.

"எனக்கு ஒரே பொண்ணு. வேற பிள்ளை கிடையாது" என்று அப்பா கோமதிநாயகம் சொல்வது கேட்டது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காபி கொடுக்கப் போனவளை மாப்பிள்ளையின் அம்மா சொர்ணம்மாள் பக்கத்தில் உட்காரவைத்து, மடியில் ஓர் ஆல்பத்தை விரித்தாள். போன டிசம்பரில் மகன் எல்லோரையும் வரவழைத்து லாஸ் வேகாசுக்குக் கூட்டிப்போனானாம். ஊர் முழுக்கச் சூதாட்டமாம். மெஷினில் காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் சில்லறை கொட்டுமாம்.

"நானும் முருகனைக் கும்பிட்டுட்டு இழுத்தேன், அண்ணாச்சி. ஒண்ணும் விழல. அடுத்தாப்ல இழுத்த வெள்ளைக்காரக் கிழவிக்குக் கொட்டுது. நான் கும்பிட்ட கும்பிடு அவளுக்குப் போயிட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாகூட. அங்கிருந்து காரில் போனால் பாலைவனம் என்று சொல்லிச் சொர்ணம்மாள் பக்கத்தைப் புரட்டினாள்.

மணல்மேட்டில் நால்வரும் வரிசையாக நின்றார்கள். சொர்ணம்மாள் பட்டுப்புடவைக்கு மேல் மகனின் கோட்டைப் போட்டிருந்தாள். அவர்கள் காலடிவரை ஒரு நீளமான நிழல் விழுந்திருந்தது.

படம் எடுத்தவரின் நிழல். தலையில் தொப்பி. இடுப்புக்குக் கீழே, காற்று ஒரு பக்கம் தள்ளிய கவுன் மாதிரி ஒரு முக்கோணம்.

செண்பகவல்லி முந்தைய பக்கத்துக்குப் போனாள். சூதாட்ட விடுதி வாசல், நல்ல வெயில். அதே நால்வர். சிமெண்ட் தரையில் அதே தொப்பி, அதே முக்கோணம்.

அப்படியானால் கூடவே வந்திருக்கிறாள். ஆல்பத்தில் எங்கும் முகம் இல்லாத ஒருத்தி. வெளிநாட்டில் ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு இங்கே வந்து தாலி கட்டிப்போன ஒருவனைப் பற்றிப் போன வருடம் செம்பூரில் பேசாத வீடு இல்லை.

அப்பா வெற்றிலைத் தட்டை எடுத்துவரச் சொன்னார். தட்டு மாறிவிட்டால் பிறகு கேட்க முடியாது. வாய்மொழித் தேர்வில் தெரிந்த பதிலைக்கூடச் சொல்லப் பயந்தவள் அவள். படத்தின் மேல் விரலை வைத்துக் கேட்டாள்.

"நாலு பேரும் படத்துல இருக்கீங்க. எடுத்தது யாரு?"

சொர்ணம்மாளின் சிரிப்பு நின்றது. "யாரோ வழியில போன வெள்ளைக்காரன்மா. கேட்டா எடுத்துக் குடுப்பாங்க."

"எல்லாப் படத்துலயும் அதே நிழல்தான் இருக்கு. கவுன் போட்ட நிழல்."

மாப்பிள்ளையின் தங்கை இந்தியில் ஏதோ முணுமுணுத்தாள். கணேசபாண்டியன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீயே சொல்லிரு" என்றாள் சொர்ணம்மாள்.

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்மா."

தட்டோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தான் நினைத்தது சரிதான் என்று செண்பகவல்லிக்குப் பட்டது. அதில் அவளுக்குச் சந்தோஷம் இல்லை.

அப்பா எழுந்து வந்து ஆல்பத்தை வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழே மான்கூர்த் போகும் ரயில் கடகடத்துப் போய் ஓசை அடங்கிய பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் சிவந்திருந்தது. கை ஓங்கிவிடுவாரோ என்று மாப்பிள்ளையின் அப்பா பாதி எழுந்துவிட்டார்.

அப்பாவின் விரல் அந்த முக்கோணத்தின் மேல் மெதுவாக ஊர்ந்தது.

"இது கவுன் இல்லட்டி. மடக்குன காலு."

அவள் பேசப் பழகும் முன்பே வீட்டைவிட்டு விரட்டப்பட்டவனின் பெயரை, அப்பா வாயிலிருந்து அவள் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டாள்.

"எம் மவன் நம்பிராஜன் இன்னும் ஒத்தக் கால்லதான் நிக்கானா, மாப்ள?"